மாதா மாதம் ஒரு பங்கு: வடசென்னைச் சம்பளத்துக்கு ஒரு கொடைக் கணக்கு

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு குடும்பம் வருடத்தில் எவ்வளவு தானம் கொடுக்கிறது என்று கூட்டிப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர்களே நம்ப மாட்டார்கள். ஆடி வந்தால் கூழ் ஊற்றும் கமிட்டி ரசீது புத்தகத்தோடு படியேறும். முன் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் 501 எழுதியிருந்தால் நாம் 200 எழுத முடியாது. மாதா கோவில் தேர், நோன்புக் கஞ்சி, ஐயப்ப பூஜை அன்னதானம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் ஆபரேஷனுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜிபே நம்பர், புயல் வந்தால் பாயும் போர்வையும். (மொய்யை இதில் சேர்க்க வேண்டாம், அது நோட்டில் எழுதி வைத்துத் திரும்பி வரும் பணம்.) ஆக, ஈகைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் யார் கேட்டார், எப்போது கேட்டார், அன்று பையில் என்ன இருந்தது என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது. கேட்கத் தெரியாதவருக்கும், கேட்க முடியாத தூரத்தில் இருப்பவருக்கும் அதில் இடமில்லை.

வருமானத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, அது எங்கே போக வேண்டும் என்பதை ஆதாரம் பார்த்து வருடத்துக்கு ஒருமுறை முடிவு செய்யும் பழக்கம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. உலக அளவில் இதற்கு அடையாளமாக இருப்பது ‘கிவிங் வாட் வீ கேன்’ என்ற அமைப்பு. டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் என்ற இரு தத்துவ ஆய்வாளர்கள் 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. ஓய்வு பெறும் வரை வருமானத்தில் குறைந்தது 10 சதவீதம் என்பது அதன் முழு உறுதிமொழி. அதற்குச் சட்டக் கட்டாயம் எதுவுமில்லை, மனச்சாட்சிதான் சாட்சி. தயங்குகிறவர்கள் 1 சதவீதத்திலிருந்து, தாங்களே குறிக்கும் காலத்துக்கு, சோதனை முறையில் தொடங்கலாம். முழு உறுதிமொழி எடுத்தவர்கள் இன்று பத்தாயிரத்துக்கு மேல்.

பத்தில் ஒன்று என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றலாம். ராயபுரம், பெரம்பூர் சபைகளில் தசமபாகம் தலைமுறைகளாக எடுத்து வைக்கப்படுகிறது. மண்ணடியில் ஜகாத் கணக்குப் பார்க்காத கடை குறைவு. நாடார் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, உறவின்முறை என்ற சமூகச் சங்கம் மூலம் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். இம்மூன்றும் மூன்று வேறு அடித்தளங்களில் நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். தசமபாகம் வருமானத்தின் மீது. ஜகாத் ஒரு சந்திர ஆண்டு முழுக்கக் கையில் தங்கிய செல்வத்தின் மீது, ஒரு வரம்புக்கு மேல், இரண்டரை சதவீதம். வெள்ளிக் கணக்கில் அந்த வரம்பை நம் ஊரில் சுமார் 612 கிராம் என்று கொள்கிறார்கள். மகமையோ வியாபாரத்தின் மீது, லாபம் வந்ததா என்று பார்க்கும் முன்பே. ஒரு பங்கு என்று முடிவு செய்பவர் எதன் மீது அந்தப் பங்கு என்பதை முதலில் எழுதி வைக்காவிட்டால், மூன்றாம் மாதமே கணக்கில் சந்தேகம் வரும்.

சம்பளக்காரர்களுக்கு எங்கள் பரிந்துரை எளிது: பி.எஃப்., வரி பிடித்தது போக வங்கியில் விழும் தொகை. அந்தத் தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிடுகிறது, வாதத்துக்கு இடமில்லை. முழுச் சம்பளத்தின் மீது கொடுப்பது இன்னும் தாராளம்தான், ஆனால் மாதா மாதம் பே ஸ்லிப்பைத் திறந்து பார்த்துக் கணக்குப் போட எல்லாருக்கும் பொறுமை இருக்காது. போனஸ், அரியர்ஸ், ஓவர்டைம் சேருமா என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்கு 78 நாள் போனஸாக அதிகபட்சம் 17,951 ரூபாய் வருகிறது என்றால், 2 சதவீதப் பங்கு 359 ரூபாய். சின்னத் தொகை. ஆனால் ‘போனஸ் தீபாவளிக்கு’ என்று ஒருமுறை விலக்கினால், அடுத்து அரியர்ஸ், பிறகு ஓவர்டைம் என்று விலக்கு வளர்ந்துகொண்டே போகும்.

காசிமேட்டில் கணக்கு வேறு. விசைப்படகு கரை சேர்ந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்து, படகுக்காரர் பங்கு போக மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை எட்டாயிரம், மறு தடவை எண்ணூறு. இப்படிப்பட்ட வருமானத்துக்கு ‘மாதம் 500’ என்ற நிலையான தொகை ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்திலேயே அது முறிந்துவிடும். சதவீதம் முறியாது. கைக்கு வந்த பங்கில் நூற்றுக்கு மூன்று என்றால், வருமானம் இல்லாத நாளில் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆட்டோ ஓட்டுபவர், துறைமுகத்தில் டிரிப் கணக்கில் ஓடும் டிரெய்லர் டிரைவர், வீட்டில் தையல் வேலை எடுப்பவர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஒரே நிபந்தனை, பணம் வந்த அன்றே பிரித்து வேறு கணக்கில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து கணக்குப் பார்த்தால் எப்போதும் குறைந்தே வரும்.

யார் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்டல் கட்டிக்கொண்டிருப்பவர் பங்கு ஒதுக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசலும் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். அந்த நிலையில் மிஞ்சும் ஒவ்வொரு நூறு ரூபாயும் முதலில் தண்டலுக்குத்தான். கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டி ஓட்டுகிறவருக்கும் இதே பதில். வட்டிக் கடன் தீர்ந்து, மூன்று மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகு தொடங்கினால் போதும். நகைக் கடனில் கருத்து வேறுபாடு உண்டு. வங்கி வட்டி தாங்கக்கூடியது, தவணையும் ஒழுங்காகப் போகிறது என்றால் 1 சதவீதம் ஒதுக்குவது தவறில்லை என்பது எங்கள் எண்ணம்.

தொடங்கும்போது 10 சதவீதத்துக்குத் தாவ வேண்டாம். கையில் 30,000 வாங்குபவருக்கு 1 சதவீதம் என்பது 300 ரூபாய். அதில் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த இன்கிரிமெண்ட் வரும்போது கூடிய தொகையில் கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். 1,600 கூடினால் 400 கொடைக்கு, 1,200 வீட்டுக்கு. பழைய செலவு எதையும் குறைக்காமலேயே பங்கு 700 ஆகிவிடும், அதாவது 2 சதவீதத்துக்கு மேல். வீட்டில் சொல்லாமல் செய்வது மட்டும் கூடாது. ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் தெரியவந்தால், பங்கு மட்டுமல்ல, பேச்சும் நின்றுபோகும்.

பணம் நகரும் வழி

மனவுறுதியை நம்பாமல் வங்கியை நம்புவது நல்லது. சம்பளக் கணக்கு தவிர இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கு, மினிமம் பேலன்ஸ் தேவையில்லாதது. சம்பளம் விழுந்த மறுநாள் பங்கு அதற்குத் தானாக மாறும்படி ஒரு நிலை உத்தரவு. அங்கிருந்து தொண்டு நிறுவனத்துக்கு, மாதா மாதம் தானாகப் பணம் போகும் யு.பி.ஐ. ஆட்டோபே. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பிடிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முந்தியே அறிவிப்பு வரும், வேண்டாமென்றால் ஆப்பிலேயே நிறுத்தலாம்.

தேதியில்தான் பெரும்பாலும் சிக்கல். மணலி, எண்ணூர் பக்கத்து ஒப்பந்த நிறுவனங்களில் சம்பளம் 7ஆம் தேதி, சில மாதம் 10. ஆட்டோபே 1ஆம் தேதி வைத்தால் கணக்கு காலியாக இருக்கும்போது தட்டித் திரும்பும். நாச் (வங்கிக் கணக்கிலிருந்தே தானாகப் பிடிக்கும்) முறையில் கொடுத்த அனுமதி என்றால் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வங்கி அபராதம் பிடிக்கும். 300 ரூபாய் தானம் கொடுக்கப் போய் அபராதமாக அதைவிட அதிகம் போவது நடக்கிற கதைதான். சம்பளத் தேதிக்கு ஐந்து நாள் தள்ளி வையுங்கள். டெபிட் கார்டில் அனுமதி கொடுத்திருந்தால் கார்டு மாறும்போது அதுவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். நின்றது தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

பாத்திரம் அறிவது எப்படி

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள். அறிவதற்கு நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ‘ரூபாயில் எத்தனை பைசா ஏழைக்குப் போகிறது?’ என்பது. நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி பல சமயம் தவறான இடத்துக்கே அழைத்துப் போகும். ஏன் என்பதற்கு ராஜஸ்தானின் உதய்பூர் கிராமங்களில் நடந்த ஒரு சோதனை நல்ல விளக்கம்.

134 கிராமங்கள். ஒரு பகுதியில் வழக்கம்போல் அரசுச் சுகாதார நிலையம் மட்டும். இன்னொரு பகுதியில் மாதந்தோறும் தவறாமல் நடக்கும் தடுப்பூசி முகாம். மூன்றாவதில் அதே முகாம், அதோடு ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பு. எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள். முழுமையாக ஊசி போட்ட குழந்தைகள் முதல் பகுதியில் 6 சதவீதம், இரண்டாவதில் 18, மூன்றாவதில் 39. 2010இல் வெளிவந்த முடிவுகள் இவை. செலவுக் கணக்கு இன்னும் சுவாரசியம். பருப்பு இல்லாத முகாமில், முழுமையாக ஊசி போட்ட ஒரு குழந்தைக்கு 2,202 ரூபாய். பருப்பு கொடுத்த முகாமில் 1,102. பருப்புக்குக் காசு கொடுத்தும் செலவு பாதியானது எப்படி? நர்ஸ் சம்பளம், வண்டி வாடகை, மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டி எல்லாம் எத்தனை குழந்தை வந்தாலும் ஒன்றுதான். பருப்பு கூட்டத்தைக் கூட்டியது, தலைக்கு விழும் செலவு இறங்கியது.

‘எத்தனை பைசா போகிறது’ என்று மட்டும் கேட்டிருந்தால் நர்ஸ் சம்பளமெல்லாம் நிர்வாகச் செலவாகத் தெரிந்திருக்கும், பருப்பு வீண் செலவாகத் தெரிந்திருக்கும். கேட்க வேண்டியது வேறு: இந்தப் பணம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும், இருந்ததால் எவ்வளவு மாறியது, அந்த மாற்றம் ஒன்றுக்கு எவ்வளவு செலவு. உதய்பூர் சோதனையை நடத்தியவர்களில் இருவரான பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோவும் அபிஜித் பானர்ஜியும் செய்த வேலை இந்தக் கேள்விகளைக் கிராமத்துக்குக் கிராமம் ஒப்பிட்டுப் பார்த்தது. மைக்கேல் கிரெமருடன் 2019இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது அந்த வழிமுறைக்காகத்தான்.

ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மலேரியாவையே பாருங்கள். அமெரிக்காவின் கிவ்வெல் நிறுவனம் 2007 முதல் தொண்டு நிறுவனங்களை அலசி வருகிறது. அதன் முன்வரிசைப் பட்டியலில் நெடுங்காலமாக இருப்பது, ஆப்பிரிக்காவில் மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்கும் வேலை. வலை ஒன்று சுமார் 2 டாலர்தான். ஆனால் வலையோடு விநியோகச் செலவும் சேர்ந்து, எல்லா வலையும் ஓர் உயிரைக் காப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்தால், ஒரு மரணத்தைத் தடுக்கச் சில ஆயிரம் டாலர்கள் ஆகும் என்பது அதன் மதிப்பீடு. ‘நூறு ரூபாயில் ஓர் உயிர்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

அந்த வலையை ராயபுரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? வடசென்னையும் பல்லாண்டு மலேரியா பார்த்த பகுதிதான். ஆனால் இங்கே அதைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, கிணற்றிலும் மூடாத மொட்டைமாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகைக் காய்ச்சல். உயிர்ப்பலி ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் காணும் ஃபால்சிபேரம் வகை மலேரியா அளவுக்கு இல்லை. இங்கே பலன் தருவது தொட்டிக்கு மூடி, கிணற்றுக்கு வலை. அதையும் மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள். ஆகவே அதே 2 டாலர் அங்கே செய்யும் வேலையை இங்கே செய்யாது.

அரசு ஏற்கெனவே செய்வதன் மேல் நம் பணம் என்ன கூட்டுகிறது என்பது நம் மாநிலத்தில் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குத் தன் பெயரைத் தந்த சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 2022இல் காலை உணவும் வந்தது. குடற்புழு மாத்திரையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அரசே கொடுக்கிறது. இந்த நிலையில், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் அன்று பிரியாணி போடுவது சந்தோஷமான காரியம், செய்யலாம். ஆனால் அதை ‘பசி போக்கும்’ கணக்கில் எழுதாதீர்கள். அதே பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்பு வந்தும் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கும் நிலை பார்த்துக் குழு பிரித்து, தினம் கொஞ்ச நேரம் அந்த நிலையிலிருந்தே கற்பிப்பது பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை. பல மாநிலங்களில் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. கோதுமை மாவில் இரும்புச் சத்து சேர்க்க ஆலைகளுக்கு உதவும் ஃபார்ட்டிஃபை ஹெல்த், தடுப்பூசித் தேதியைப் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். மூலம் நினைவூட்டும் சுவிதா ஆகியவையும் இந்தியாவில் இயங்கும், செலவுக்கு இவ்வளவு பலன் என்று கணக்குக் காட்ட முயலும் அமைப்புகள். இவற்றில் எதற்கும் பெரம்பூரில் ஒரு போர்டுகூட இருக்காது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது நெருடலாக இருக்கும். அந்த நெருடலுக்காகவே பங்கை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறோம். 5 சதவீதம் ஒதுக்கினால் 3 அளந்து பார்த்த இடத்துக்கு, 2 கண்ணெதிரே இருப்பவருக்கு. அந்த 2 தீர்ந்துவிட்டால், அடுத்த ரசீது புத்தகத்துக்கு ‘அடுத்த மாசம் வாங்கண்ணா’ என்று சொல்லப் பழக வேண்டும்.

எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கழிவு சேர்வதைக் கண்காணிப்பது, காற்றின் தரத்தைப் பதிவது, வழக்கு நடத்துவது போன்ற வேலைக்கு ‘ஒரு குழந்தைக்கு இத்தனை ரூபாய்’ என்று கணக்குச் சொல்ல முடியாது. வென்றால் பலன் பெரிது, பத்து வருடம் எதுவும் நடக்காமலும் போகலாம். அப்படிப்பட்ட வேலைக்குக் கொடுப்பவர் தெரிந்தே கொடுக்கட்டும்.

சரிபார்த்தலும் ரசீதும்

நிறுவனத்தின் பெயரையும் பான் எண்ணையும் வருமான வரித் துறை இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்கள் பட்டியலில் தேடலாம். அந்தப் பதிவுக்குக் காலாவதி உண்டு. பழைய சான்றிதழின் நகலை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை நம்ப வேண்டாம். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோகின் தர்பன் தளத்திலும் பதிவு இருக்கிறதா பாருங்கள். பதிவு என்பது இருக்கிற நிறுவனம் என்பதற்குத்தான் சான்று, நல்ல வேலை செய்கிறது என்பதற்கு அல்ல. அதற்கு மெயில் அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இன்னும் பத்து லட்சம் ரூபாய் கிடைத்தால் எங்கே, எத்தனை பேருக்கு, என்ன செய்வீர்கள்? நல்ல நிறுவனம் எண்ணோடு பதில் சொல்லும். மற்றவை போட்டோ அனுப்பும்.

வரிச் சலுகைக்காக இதில் இறங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு பழைய வரி முறையில்தான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பானது, அதில் இந்தக் கழிவு இல்லை. பழைய முறையில் இருப்பவர் வருடம் 12,000 கொடுத்து, பாதிக் கழிவு என்றால், 6,000 கழியும். 20 சதவீத வரம்பில் செஸ்ஸோடு மிச்சம் 1,248 ரூபாய். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. அரிசி, துணிக்கும் கிடையாது. பான் போன்ற அடையாள எண் கொடுக்காவிட்டால் நிறுவனத்தால் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர முடியாது, அது மே 31க்குள் வர வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணை அச்சடித்த ரசீதைக் காட்டினால் கேட்டுத் தெளிவுபெறுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து அனுப்புவதற்கு வரிக் கழிவே இல்லை. கார்டில் மாதம் 500 அனுப்பினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் கடிக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒருமுறை அனுப்பலாம்.

பங்கைப் பத்து இடத்துக்கு நூறு நூறாகப் பிரிப்பது பலரும் செய்யும் தவறு. பத்து ரசீது, பத்து கட்டணம், பத்து நிறுவனத்திலிருந்து போன் அழைப்புகள். எதையும் உருப்படியாகக் கவனிக்கவும் முடியாது. இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டும் சில தளங்களில் ‘டிப்ஸ்’ என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். பணம் கட்டும் முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். வெள்ளம் வந்த வாரத்தில் சுற்றும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கண்டதுபோல முதல் வாரத்தில் பிரெட்டும் பிஸ்கட்டும் பழைய துணியும் குவியும். நனைந்த பள்ளிப் புத்தகம், பழுதான தையல் மெஷின், மீன்பிடி வலை இவற்றுக்கான தேவை மூன்றாவது வாரத்தில்தான் தெரியவரும். வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்க நினைத்ததில் பாதியை அதுவரை நிறுத்தி வைக்கலாம்.

வேலை போனால்? சதவீதக் கணக்கு தானாகவே பூஜ்யமாகும், ஆட்டோபே ஆகாது. ஒப்பந்தம் முடியும் மாதமே ஆப்பில் போய் அதை இடைநிறுத்துங்கள். ரத்து செய்தால் மறுபடி தொடங்கும்போது புதிதாக அனுமதி கொடுக்க வேண்டிவரும். அடுத்த வேலையில் முதல் இரண்டு சம்பளம் பாக்கிகளை அடைக்கப் போகும். மூன்றாவது சம்பளத்திலிருந்து, பழைய சதவீதத்தில் பாதியில் தொடங்கலாம்.